மூன்று பூச்சு மஞ்சள்

சமையலறை மேசையில் வலது கையை விரித்து வைத்துவிட்டு டேல் கிரப்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே மனைவி லொரெட்டா மஞ்சள் நகப்பூச்சுக் குப்பியைக் குலுக்கினாள். ஞாயிறு காலைகளில் அந்த வீட்டில் நடக்கும் ஒரே சடங்கு இது. பேஸ்பாலில் பந்து பிடிக்கும் கேட்சர் குத்தவைத்து உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே விரல் நீட்டி, எந்தப் பந்தை எறியவேண்டும் என்று சைகை காட்டுவான். அறுபதடி தள்ளி நின்று பந்தெறியும் பிட்சரின் கண்ணுக்கு அது தெரியத்தான் இந்த மஞ்சள். சனி இரவு ஆடிக் களைத்த முதல் கேட்சர் ஆஸ்லிக்கு ஞாயிறு பகலில் ஓய்வு. அந்த ஓய்வுதான் மாற்று கேட்சரான டேலின் உத்தியோகம். பதினோரு வருடங்களாக இன்னொருவன் முட்டிவலியை நம்பிக் குடும்பம் நடத்துகிறான். மற்ற நாட்களில் பிட்சர்களுக்குப் பயிற்சிப் பந்து பிடித்துக் கொடுப்பான், சூரியகாந்தி விதை கொறிப்பான். விதை கொறிப்பதில் அணியில் அவனை மிஞ்ச ஆளில்லை.

ஆள்காட்டி விரலுக்கு வந்ததும் லொரெட்டாவின் கை நின்றது. நகம் கறுத்திருந்தது. விரல் பாதி மடங்கியபடி வீங்கியிருந்தது.

"நீட்டு."

"இதுக்கு மேல நீளாது."

"ஒடைஞ்சிருக்கு டேல். ஹேகர்ட்டிகிட்ட சொல்லிடு."

"சொன்னா மேனேஜர் என்ன செய்வாரு? ஓய்வெடுன்னுவாரு. கீழ் அணியிலேருந்து ஒருத்தன் வருவான். இருபத்திரண்டு வயசு, முட்டி ரெண்டும் புதுசு. அப்புறம் எனக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாது."

அவள் மற்ற நகங்களுக்கு ஒரு பூச்சு பூசினாள். அந்த நகத்துக்கு மூன்று. நடுநடுவே ஊதினாள். கறுப்பு மறைந்த பிறகும் ஊதிக்கொண்டேயிருந்தாள்.

அன்று பகல் ஆட்டம் தொடங்கியது. வேகப்பந்துக்கு ஒற்றை விரல் காட்டவேண்டும். ஆள்காட்டி நீளாததால் டேல் நடுவிரலை நீட்டினான். பந்தெறியும் மேட்டில் நின்ற பிட்சர் டோபின் ஒரு கணம் திகைத்துவிட்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தான்.

"பெரிசு, வேகப்பந்து கேக்குறியா, என்னத் திட்டுறியா?"

"ரெண்டும்தான்."

"வெரலுக்கு என்னாச்சு?"

"கதவுல நசுங்கிடுச்சு."

"எந்தக் கதவு?"

"வெள்ளிக்கிழமை பயிற்சில நீ எறிஞ்ச கதவு."

டோபின் காலணி முனையால் மண்ணைக் கிளறினான். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஒருத்தனையும் பேஸுக்கு விடமாட்டேன். எவனும் ஓடலைன்னா நீ குறிபார்த்து எறிய வேண்டியதில்லையே."

ஐந்து இன்னிங்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இன்னிங்ஸுக்கு மூன்று பேராகப் பதினைந்து பேர் மட்டையோடு வந்தார்கள், பதினைந்து பேரும் ஆட்டமிழந்து திரும்பிப் போனார்கள். ஒருவனையும் பேஸுக்கு விடாத சாதனை வரப்போகிறது என்று அரங்கம் முணுமுணுத்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பிட்சரிடம் யாரும் பேசக்கூடாது என்பது வழக்கம். பெஞ்சில் அவனைச் சுற்றி துக்க வீடு மாதிரி மௌனம். அது சாதனையல்ல, பரிகாரம் என்று டேல் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஆறாவது இன்னிங்ஸில் டோபினின் நான்கு பந்துகள் விலகிப்போயின. மட்டைக்காரன் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்தான். அடுத்த பந்திலேயே இரண்டாவதை நோக்கி ஓடினான். அவனை மடக்க டேல் எழுந்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தான். பந்து களைத்த தபால்காரனைப்போல மூன்று இடங்களில் நின்று நின்று போய்ச் சேர்ந்தது. ஓடியவன் அதற்குள் பேஸை அடைந்து சட்டை மண்ணைத் தட்டிவிட்டிருந்தான்.

ஹேகர்ட்டி நடந்து வந்தார்.

"கையக் காட்டுப்பா."

டேல் கையுறை போட்ட இடது கையை நீட்டினான்.

"அந்தக் கை."

பூச்சு வெடித்திருந்தது. மஞ்சளின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது. ஹேகர்ட்டி அதைத் தொடவில்லை.

"யாரு போட்டுவிட்டது?"

"லொரெட்டா."

"கனமா போட்டிருக்கா." பெஞ்சை ஒருமுறை பார்த்தார். "வலிக்குதா?"

"இல்ல."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

டேல் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கம்பிகளினூடே பெஞ்ச் தெரிந்தது. ஆஸ்லி ஒரு காலில் கவசத்தைக் கட்டி முடித்திருந்தான். இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு, தன்னை இறங்கச் சொல்வாரா என்று ஹேகர்ட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். டேல் தொடைகளுக்கு நடுவே கையை இறக்கி நடுவிரலை நீட்டினான். மேட்டில் டோபின், அந்த மஞ்சள் கண்ணுக்குத் தெரியாதவனைப்போல, பந்தை எறியாமல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.