சுயம்புவின் நிழல்

குருவை வணங்கும் பௌர்ணமியன்று அந்த ஊரில் யாருக்கும் சொந்த நிழல் விழாது. நிலா ஏறியதும் அவரவருக்குக் கற்றுக்கொடுத்தவரின் நிழல்தான் விழும். ஜனங்கள் குளித்துவிட்டுத் தெருவுக்கு வந்து, அந்த நிழலின் காலடியில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். வெல்டிங் பட்டறைக்காரனின் மனைவிக்கு மாமியாரின் நிழல். சமையல் சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாள்தான், பாதியை மறைத்துக்கொண்டதும் அவள்தான். ஆனாலும் மருமகள் ஒரு வருஷம்கூடப் பூவில் குறை வைத்ததில்லை.

பட்டறைக்காரன் மட்டும் அன்று பொழுது சாயுமுன்பே கதவைச் சாத்திக்கொள்வான். "எனக்கு யாருய்யா சொல்லிக்கொடுத்தா? நானா கத்துக்கிட்டது" என்று வாய் ஓயாமல் சொல்லியே சுயம்பு என்று பேர் வாங்கியவன். உண்மையில் அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது ஒரு காலைச் சாய்த்து நடக்கும் அவன் தம்பி. ஒருநாள் வாடிக்கையாளர் முன்னால் தம்பி அதைச் சொல்லிச் சிரித்துவிட, சுயம்பு அவனைப் பட்டறையை விட்டே துரத்தினான். அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை. பாவம், உள்ளுக்குள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் தம்பி காலில் அண்ணன் விழுவதாவது! ஊர் சிரிக்காதா?

இந்த வருஷம் பௌர்ணமியன்றே சேதி வந்தது. தம்பி மறுநாள் கப்பலேறுகிறான், திரும்பி வரும் உத்தேசம் இல்லை. மனைவி சுயம்புவைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளி, உள்ளே தாழ் போட்டாள்.

"ஏய், கதவத் தொற!"

"கும்பிட்டுட்டு வாங்க. இல்லன்னா அங்கயே கெடங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம்தான் மூடியிருப்பான்? திறந்தால், தெருவில் தம்பி சாய்ந்து நின்றான். இவன் ஓர் அடி நகர்ந்தால் நிழல் நொண்டியது. சுயம்புவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "போகாதடா" என்று காலடியை நோக்கிக் குனிந்தான். அவன் குனிய நிழலும் குனிந்தது. இரண்டு தலையும் தரையில் நங்கென்று மோதிக்கொண்டன. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் பூவில் பாதியை எடுத்து நீட்டினார்.

விடிந்ததும் தம்பி பெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"நேத்து ராத்திரி யாரோ என் கால்ல விழுந்தாங்கண்ணே."

"ஆமா, விழுந்தேன். அதுக்கென்ன இப்போ?"

"மெதுவா விழக்கூடாதா?" என்று தம்பி நெற்றியைத் தடவினான். சுயம்புவுக்கு இருந்த அதே இடத்தில் அவனுக்கும் புடைத்திருந்தது. அண்ணிக்காரி இரண்டு நெற்றியிலும் தைலம் தடவிவிட்டு, பட்டறைச் சாவியைக் கொழுந்தன் கையில் கொடுத்தாள்.