இந்த வருடத்து விலை

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி விற்கும் கடைக்காரர் வண்டியின் பக்கத்தில் குந்தி, சங்கிலியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். எழுந்து முன்விளக்கின் கண்ணாடியில் இருந்த கீறலைத் தடவினார்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னுன்னு சொல்வாங்க சார். வண்டிக்கு அது பொருந்தாது. நெடுந்தூரம் போறதுக்குன்னே செஞ்ச வண்டி, அருமையான வண்டி. ஆனா இப்ப இருக்கிற பசங்களுக்கு இது கனம். ஸ்பேர் பார்ட்ஸும் வர்றதில்ல."

ஓய்வுபெற்ற சர்வேயர் வருத்தமாகத் தலையாட்டினார். அப்படி ஆட்டிப் பழகியிருந்தார். கைநடுக்கம் வந்து, இனி இரு சக்கர வண்டி கூடாது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கை ஓட்டிவரச் சொல்லி இங்கே விலை கேட்பார். ஒவ்வொரு முறையும் விலை இன்னும் இறங்கியிருக்கும். வீட்டுக்குப் போய், "அடிமாட்டு விலைக்குக் கேக்குறான். அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். மனைவியும் அதோடு விட்டுவிடுவாள். விலை விழ விழ அவருக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. இன்னும் ஒரு வருடம் அது கொட்டகையில் நிற்கும்.

இந்த முறை மனைவியும் கூடவே வந்திருந்தாள். போன வாரம் ஒரு மதியம், கொட்டகையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, எஞ்சின் உறும, அவர் வண்டிமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா கொடுத்தாவது தள்ளிவிட்டு வருவது என்று புறப்பட்டிருந்தாள்.

கடைக்காரர் தேநீர் கொடுத்தார். சர்வேயர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் சிந்தியது. கடைக்காரர் பார்க்காதவர்போல் ஒரு துணியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார். சற்று நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி சார். போன வருஷம் சொன்னதுக்கு மேலயே தர்றேன். இதுல எனக்கு லாபம் வேணாம்."

ஒருவர் மனமுவந்து நீட்டும் அன்பை மறுக்க எல்லோருக்கும் வராது. சர்வேயருக்கு வரவில்லை. அவர் கை தானாகப் போய்ப் பெட்ரோல் டேங்கின் மேல் படிந்தது. அங்கேயும் அது நடுங்கியது.

"நல்ல விலைதான்," என்றார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்து 'அடுத்த வருஷம்' எல்லாம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பத்தாதுங்க," என்றாள்.

கடைக்காரர் திகைத்தார். "அம்மா, இதுக்கு மேல யாரும் தரமாட்டாங்க."

"தெரியும் தம்பி. உங்க மனசுக்கு நீங்க நல்லா இருப்பீங்க. ஆனா பத்தாது."

கணவர் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னாள். "வீட்டுக்குப் போனதும் சாவி எங்கிட்ட வந்துடணும். ரெண்டு சாவியும்."

அவர் டேங்கின் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு, "இனிமே எனக்கெதுக்கு, நீயே வச்சுக்க," என்றார்.

மெக்கானிக் வண்டியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போனார். இருவரும் சாலையோரம் நின்றார்கள். தெருக்கோடியில் கியர் மாறி எஞ்சின் ஒலி உயர்ந்தது. சர்வேயரின் வலது மணிக்கட்டு, வெறும் காற்றைப் பிடித்தபடி, மெல்லத் திருகியது. அவள் கடைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேருந்து வருகிறதா என்று பார்ப்பவள்போல் நின்றாள்.