செல்வராணி வீட்டுக் கறுப்புத் தண்ணீர்

ஷாமளாவின் முதல் விளம்பரத்தில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. பூவுக்கு மேலே முருகன், முருகனுக்கு மேலே 'காலை வணக்கம்', எல்லாவற்றுக்கும் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'உங்கள் சோபாவை வீட்டுக்கே வந்து கழுவித் தருகிறோம்.' கூடவே போன் நம்பர். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர், தெரிந்தவர் என்று ஒருத்தர் விடாமல் அனுப்பினாள். அன்று முழுக்கக் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. ஒரு சித்தப்பா பதிலுக்குச் செம்பருத்தி அனுப்பினார். சோபா கழுவ மட்டும் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

கூப்பிட்டது பழைய சூப்பர்வைசர்தான். செனாயில் அவள் பதினான்கு வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலை, லைனை மூடி அவளை அனுப்பியிருந்தது. கையில் கிடைத்த பணத்தில்தான் இந்த சோபா கழுவும் மெஷினை வாங்கினாள். இப்போது புது லைன் திறக்கிறார்களாம். "திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லு, ஷாமளா. ஒனக்கு ஒரு எடம் வச்சிருக்கேன்" என்றார்.

அவளுக்கு அங்கே திரும்பிப் போக மனசே இல்லை. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியது போதும், கக்கூஸுக்குப் போகக்கூடக் கையைத் தூக்கிக் காத்திருந்தது போதும் என்றிருந்தது. ஆனால் வாடிக்கையாளரே இல்லாமல் மெஷினைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

லோரி ஓட்டும் புருஷன் ஜெயபாலன்தான் வழி சொன்னான். "பூவ எல்லாம் யாரு கேட்டா? அழுக்க காட்டு லா. அழுக்க பாத்தாதான் ஆளுங்களுக்கு அரிக்கும்."

யார் வீட்டு அழுக்கை? அங்கேதான் வந்தது வினை. ரெண்டு வரிசை தள்ளி ஜெயபாலனின் அக்கா செல்வராணி வீடு. வாசலிலேயே குழாய் வைத்து, வருகிறவர் காலைக் கழுவ வைத்து, பாதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். "என் சோபால அழுக்கா? நல்ல கதை! சரி, காசு வேணாங்கிற, கழுவிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனாள். "சின்னதா ஒரு வீடியோ எடுத்துக்கிறேன், அண்ணி" என்று ஷாமளா கேட்டதற்கும் அடுப்படியிலிருந்தே "ம்" கொட்டினாள்.

மெஷின் உறிஞ்ச உறிஞ்ச, அதன் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் பால் விடாத கோப்பி ஓ மாதிரி கறுப்பாக ஏறியது. ஷாமளாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. அண்ணி வருவதற்குள் தொட்டியையும் சோபாவையும் படம் பிடித்துக்கொண்டு, தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள்.

பேஸ்புக்கில் நாளுக்கு ஐந்து வெள்ளி பணம் கட்டினால், நாம் சொல்கிற வட்டாரத்துக்குள் விளம்பரத்தைக் காட்டுவார்கள். மெர்சிங்கில் இருப்பவன் பார்த்து என்ன பிரயோசனம், அவ்வளவு தூரம் யார் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவது? வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டாள். காசு வீணாகாது என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள். பைத்தியக்காரி! மெர்சிங்காரனுக்கு அது ஏதோ ஒரு சோபா. இந்த ஐந்து கிலோமீட்டருக்குள்ளோ, தீபாவளிக்கு அந்த சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்னாத தமிழரே கிடையாது. போதாக்குறைக்கு, செல்வராணி தன் கையால் பின்னிய மயில் விரிப்பு படத்தின் ஓரத்தில் பளிச்சென்று தெரிந்தது.

எதிர் வரிசை வெள்ளையம்மாதான் ஆரம்பித்து வைத்தாள். 'அலமாக்! காலக் கழுவாம உள்ள விடாத அந்த மயில் வூடா இது?' அதன் கீழே சிரிப்பு முகங்கள் வரிசை கட்டின. நடுவில் இரண்டு பேர் மட்டும் 'எங்க வீட்டுக்கு வருவீங்களா?' என்று கேட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் செல்வராணி வந்து நின்றாள். முகம் சிவந்து, போனை ஷாமளாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என் மானத்த வித்துத்தான் நீ யாவாரம் பண்ணணுமா?"

"பேரு போடல அண்ணி, மொகம் காட்டல..."

"மயில் இருக்கே! அது போதாதா? அழி, இப்பவே."

ஷாமளாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தொட்டியை அண்ணிக்குக் காட்டாமல் கொட்டியது தப்பு, விளம்பரம் என்று சொல்லாமல் போட்டது அதைவிடத் தப்பு. உடனே அழித்தாள். வருவீர்களா என்று கேட்ட இரண்டு பேரும் அதோடு போனார்கள். "மன்னிச்சிருங்க அண்ணி" என்றாள். செல்வராணி விடுவிடுவென்று போய்விட்டாள். அன்று மதியம் ஷாமளா அலமாரியிலிருந்து பழைய கம்பெனிச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

ஞாயிறு காலை செல்வராணி மறுபடியும் வந்தாள். பட்டுப்புடவை, தலையில் பூ.

"திரும்பப் போடு."

"எத அண்ணி?"

"அந்தக் கண்றாவியத்தான். வெள்ளையம்மா அதப் போன்ல பத்திரமா வச்சிக்கிட்டு, நேத்து கோயில்ல ஒவ்வொருத்தருக்கா காட்டிக்கிட்டு நிக்கிறா. நாம அழிச்சது அவளுக்கு இன்னும் கொண்டாட்டமாப் போச்சு." தலைப்பூவைச் சரிசெய்துகொண்டாள். "தம்பி சொன்னான், நாளைக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லணுமாமே. ஏங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிருவ? வா, வீட்டுக்கு. நான் பேசுறத எடு."

தன் சோபாவில் மயிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள் செல்வராணி. "ஆமா, இது என் வீட்டு சோபாதான். என் வீட்டுத் தண்ணிதான். பதினோரு வருசமா நான் தொடைக்காத நாள் இல்ல, அப்படியும் உள்ள இவ்வளவு இருந்திருக்கு. கழுவுனது என் தம்பி பொண்டாட்டி ஷாமளா. சிரிச்சவங்க எல்லாம் அவளக் கூப்பிட்டுக் கழுவி, ஒங்க தண்ணியக் காட்டுங்க, பாப்போம். வெள்ளையம்மா, நீங்கதான் மொதல்ல!"

கறுப்புத் தண்ணீரையும் சேர்த்து, அதே ஐந்து வெள்ளி, அதே ஐந்து கிலோமீட்டர்.

ஒரு மணி நேரத்தில் வெள்ளையம்மாவின் போன் வந்தது. "ஒடனே வா. வீடியோவும் எடு. என் வீட்டுத் தண்ணி எப்படி வருதுன்னு அவ பாக்கட்டும்!" வந்தது. செல்வராணி வீட்டுத் தண்ணீரைவிட இரண்டு மடங்கு கறுப்பு. மெத்தை இடுக்கிலிருந்து ஒரு கோழி எலும்பு வேறு. வெள்ளையம்மா கேமராவைக் கையால் மறைத்து, "வீடியோ வேணாம் லா" என்று ரகசியமாகக் கெஞ்சினாள். ஷாமளா போனைப் பைக்குள் போட்டாள். சாயங்காலம் வரை அழைப்புகள் ஓயவில்லை. எல்லாரும் போட்டது ஒரே நிபந்தனை: எப்ப வேணும்னாலும் வா, போனை மட்டும் கொண்டு வராதே. மாசக் கடைசி வரைக்கும் தேதி நிரம்பிவிட்டது.

திங்கட்கிழமை ஷாமளா சூப்பர்வைசரை அழைத்து, "நான் வரல சார்" என்றாள். சொல்லி முடித்ததும் குதிக்க வேண்டும் போல இருந்தது. அதைக் கேட்கவே வந்திருந்த செல்வராணி, ஷாமளா வீட்டு சோபாவில் உட்காரப் போனவள், பாதியில் நின்றாள்.

"ஏம்மா, ஊரு சோபாவெல்லாம் கழுவுறியே, இத எப்பக் கழுவுன?"

ஷாமளா அவசரமாக ஒரு தலையணையை எடுத்துக் கறையை மறைத்தாள்.

"அப்படிப் போடு! எடு மெஷின. போன ஏங்கிட்ட குடு. ஒன் மொகமும் நல்லாத் தெரியணும், ஆமா!"

தண்ணீர் ஏறியது. செல்வராணி வீடு தோற்றது, வெள்ளையம்மா வீடும் தோற்றது. செல்வராணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது, பிடித்திருந்த போன் ஆடியது. தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷாமளாவும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதப் போடலாமா அண்ணி?" என்று இந்தத் தடவை கேட்டாள்.

"போடு, போடு. அஞ்சு கிலோமீட்டர் என்ன, மெர்சிங்காரனும் பாக்கட்டும்!"