டப்பாவில் எழுதாத மருந்து

என் தம்பி எஸ்பென் ஆல்போர்க் நகரத்தில் கூரை ஓடு மாற்றுகிற வேலை செய்பவன். அந்த மார்ச்சில் அவன் கண்கள் மஞ்சளாயின, சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனது. அரிப்பு தாங்காமல் முள்கரண்டியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தவனை நான்தான் இழுத்துக்கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தேன்.

கல்லீரல் மருத்துவர் பூதில் முதல் கேள்வியாகவே கேட்டார்: "உடம்பு ஏத்தறதுக்கு ஏதாவது சாப்பிடறீங்களா? பவுடர், மாத்திரை?"

"ஒண்ணும் இல்ல. ரொட்டி, முட்டை, கோழி."

அதை நம்பிக் கிருமியைத் தேடினார்கள், பித்தப்பையில் கல்லைத் தேடினார்கள். எதுவும் இல்லை. கடைசியில் விலா இடுக்கில் ஊசியை இறக்கிக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தானே தவிர, அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

மாற்று உடுப்பு எடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறை அலமாரியில், ஓட்ஸ் பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு கறுப்பு டப்பா. தசை வளர்க்கும் இயற்கை மூலிகை என்று போட்டிருந்தது. அவனுடைய உயிர் நண்பன் ஜெப்பேயின் கடையில் நான் பார்த்திருந்த சரக்கு. எஸ்பென் போகிற உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டித்தான் ஜெப்பேயின் கடை.

டப்பாவைக் கொண்டுபோய் எஸ்பெனின் போர்வைமேல் போட்டேன்.

"இது என்னடா?"

"விட்டமின் மாதிரி."

"சதையக் கிள்ளி எடுத்தாங்களே, அப்பகூட வாயத் திறக்கல. யாரக் காப்பாத்துற?"

"மெதுவாப் பேசு, மாரென் அக்கா. ஜெப்பே கடைய இழுத்து மூடிடுவாங்க. என் கல்யாணம் முறிஞ்சப்ப வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டவன் அவன்."

டப்பாவை நேரே பூதிலிடம் கொடுத்தேன். எங்கே வாங்கியது என்பதை மட்டும் எஸ்பென் சொல்லவில்லை. அவன் வாயால் வரட்டும் என்று நானும் விட்டேன். சோதனையில் ஸ்டீராய்டு இருப்பது தெரிந்தது. டப்பாவில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

"இதுக்கு என்ன மருந்து?" என்று கேட்டேன்.

"நிறுத்தறதுதான் மருந்து. அரிப்புக்கு ஒரு பவுடர் தர்றேன், ஆரஞ்சுச் சாறுல கலந்து குடிக்கணும். மத்தபடி கல்லீரல் தானாத் தேறணும். மாசக்கணக்கா ஆகும். தேறலன்னா மாற்றுக் கல்லீரல் பத்திப் பேசவேண்டி வரும்."

நிறுத்திய பிறகும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. சொறிந்து சொறிந்து ரத்தம் வந்ததால் கைகளுக்குப் பஞ்சு உறை மாட்டிவிட்டார்கள். இவ்வளவு பெரிய ஆள் கைக்குழந்தை மாதிரி கிடந்தான்.

அப்போதுதான் ஜெப்பே திராட்சைப் பழத்தோடு வந்து சேர்ந்தான்.

"எங்க வாங்கினன்னு கேப்பாங்க. நெட்ல வாங்கினேன்னு சொல்லிடு. எத்தனையோ பேர் சாப்பிடறாங்க, உன் உடம்புக்குத்தான் ஒத்துக்கல."

அவன் சட்டையைப் பிடிக்க எழுந்தேன். உறை மாட்டிய கையை உயர்த்தி எஸ்பென் என்னைத் தடுத்தான்.

"நீ சாப்பிடறியா?" என்று ஜெப்பேயைக் கேட்டான்.

"என்னது?"

"அந்த டப்பாவுல இருக்கறத. நீ சாப்பிடறியா?"

ஜெப்பே ஜன்னல் பக்கம் திரும்பினான். "எனக்குத் தேவைப்படல."

"ஆணழகன் போட்டிக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தானடா தயாரானோம்."

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாததுனாலதான் நீ தொடல. எனக்குக் குடுத்த."

எஸ்பென் குரலை உயர்த்தவில்லை. நான் உயர்த்தினேன், செவிலியர் ஓடிவரும் அளவுக்கு. ஜெப்பே வெளியே போனதும் எஸ்பென் பூதிலைக் கூப்பிடச் சொல்லி, கடையின் பெயர் உட்பட எல்லாவற்றையும் சொன்னான்.

அதிகாரிகள் வந்து டப்பாக்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கடை மூடியே கிடக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரமே திறந்திருந்தது, அலமாரியில் வேறு நிற டப்பாக்களோடு. ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்களாம்.

கோடை முடிவதற்குள் எஸ்பெனின் கண்களில் மஞ்சள் இறங்கியது, அரிப்பும் நின்றது. ஏணி ஏறுகிறான், ஓடுகளைக் கட்டாகத் தூக்க மட்டும் இன்னும் தெம்பு வரவில்லை. ஜெப்பேயின் பெயரை அவன் எடுப்பதே இல்லை.

நான் ஓட்டும் பேருந்து அந்தக் கடை வழியாகத்தான் போகிறது. ஒருநாள் காலை ஜெப்பே நிறுத்தத்தில் கை காட்டினான். நிறுத்தினேன், அது என் வேலை. ஏறியவன் என் பக்கத்திலேயே நின்றான்.

"எஸ்பென் எப்படி இருக்கான்?"

"உள்ள போய் உக்காரு. வண்டிய எடுக்கணும்."