வேலி தாண்டிய பழங்கள்

கிளைவ் வளர்த்த ஃபெய்ஜோவா புதர் அந்த இலையுதிர் காலத்தில் தன் பழங்களையெல்லாம் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டது. புதர் நின்றது தோட்டத்து நடுவில். வேலிக்கும் அதற்கும் இடையே துணி காயும் கம்பி இருந்தது. காற்றே இல்லாத காலைகளில், சின்னக் கொய்யா போன்ற அந்தப் பச்சைப் பழங்கள் காம்பை விட்டு, கம்பிக்கு மேலாக வளைந்து போய், பெரில் வீட்டுப் புல்லில் பொத்தென்று விழுந்தன. ஒபோடிகி ஊரில் இதைப் பார்த்தவர்கள் வெண்ணெய் விலை ஏறியதைப் பேசுவதுபோல் பேசிவிட்டு நடந்தார்கள். அங்கே ஃபெய்ஜோவாவைக் கிளையிலிருந்து யாரும் பறிப்பதில்லை. பழுத்தால் தானே விழும், விழுந்த மண்ணுக்குச் சொந்தம்.

கிளைவின் மகள் ரேவினால் மட்டும் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. அவளுக்குப் பதினைந்து வயது. அழகுக்காக அப்பா வைத்த புதர் அது. வெள்ளிநிற அடியுள்ள இலைகள், சிவப்புக் குஞ்சம் வைத்த பூக்கள். தித்திக்கும் வெள்ளை இதழ்களை, தேன் குடிக்க வரும் தூயி குருவிகளோடு போட்டிபோட்டு அவளும் தின்றிருக்கிறாள். பல வருஷம் பூத்ததே தவிர காய்க்கவில்லை. "தனியா நின்னா காய்க்காது, வேற ரகத்துல ஒரு ஜோடி வேணும்" என்று சொல்லி, அப்பா அந்த ஜோடியைக் கொண்டுபோய்ப் பெரிலின் தோட்டத்தில் நட்டார். பெரில் புருஷனை இழந்தவள். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார், கவாத்துக்குப் போனார், அடைமழையிலும் போனார். ஒருநாள் பெரிலின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன ரேவின், அவள் மடியில் அப்பா தலைவைத்துப் படுத்திருப்பதைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் வெளியே ஓடிவந்தார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு. அவளுக்குத் தெரிஞ்சா இந்தக் குடும்பம் செதறிடும். எல்லாம் உன் வாயிலதான் இருக்கு."

அடுத்த பருவத்தில்தான் பழங்கள் பறக்கத் தொடங்கின. பெரில் வீட்டில் கிடக்கும் பழத்தைப் பார்த்தால் அம்மாவுக்குப் புரிந்துவிடும் என்று ரேவின் பயந்தாள். பால்கட்டித் தொழிற்சாலை வேலை முடிந்து அம்மா நோரீன் வருவதற்குள் வேலியைத் தாண்டிக் குதித்து, பாவாடையில் பழங்களை அள்ளி வந்து சொந்தப் புதரின் கீழே பரப்பினாள். பெரில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்வாள். நோரீன் அந்தப் பழங்களில் சட்னி காய்ச்சினாள், மிச்சத்தை ஊர் வழக்கப்படி காகிதப் பைகளில் போட்டு அண்டை வீட்டு வாசல்களில் வைத்தாள். இரண்டு பருவம் இப்படியே போனது. ரேவின் தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள்.

ஒரு நாள் நோரீன் சீக்கிரம் வந்துவிட்டாள். வாளியோடு நின்று மகள் பரப்புவதைப் பார்த்தாள்.

"கம்பிக்குக் கீழயும் ரெண்டு போடு. அங்க ஒண்ணுமே இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"விழுந்த பழம் இப்படியாடி கெடக்கும்? முட்டை அடுக்கின மாதிரி இருக்கு."

ரேவின் எழுந்து நின்றாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"அந்தச் செடிய அங்க நட்டப்பவே. ஏன், நம்ம தோட்டத்துல இடமா இல்ல? எனக்குத் தெரியும்னு உங்கப்பாவுக்கும் தெரியும்."

"அப்போ நான் எதுக்கும்மா..."

நோரீன் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தாள். "நீ ஓடி ஓடிப் பொறுக்கறதப் பாத்தா, அந்த மனுஷன் வெக்கப்பட்டாவது ராத்திரிக்கு வீடு வந்து சேருவார்னு விட்டுட்டேன்."

ரேவின் பாவாடையை உதறினாள். அதற்குப் பிறகு அவள் ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை புதர் வேலிக்கு அந்தப் பக்கம், தன் ஜோடிக்கு அருகே, வேரும் மண்ணுமாக நின்றது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளைவ் பெட்டியோடு முன்வாசல் வழியாகவே அங்கே போனார். "செடிக்கே இருப்புக் கொள்ளல, மனுஷன் எம்மாத்திரம்?" என்றார் பால்காரர். புதர் விட்டுப்போன குழியில் நோரீன் கீரை விதைத்தாள். அது நன்றாக வந்தது.

மறு வருஷம் உளுத்துப்போன வேலியை மாற்ற ஆள் வந்தார். அளந்து முடித்துவிட்டு, அந்தத் தெருவில் வேலிக்காரர்கள் எல்லோரும் கேட்கப் பழகியிருந்த கேள்வியைக் கேட்டார்.

"நடுவுல கொஞ்சம் எடம் விடட்டுமா? புதர் மனசு மாறித் திரும்பி வந்துச்சுன்னா?"

நோரீன் மகளைப் பார்த்தாள்.

"அடைச்சிடுங்க" என்றாள் ரேவின்.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஆணியை எடுத்தார்.