ஃபிரேயா இல்லாத ஆட்டம்

சனிக்கிழமை காலை சுஜீதாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாண் துண்டை இரண்டு தடவை கையில் எடுத்துவிட்டு இரண்டு தடவையும் தட்டிலேயே வைத்தாள்.

"ஒரு கடி கடிச்சிட்டுப் போமன்," என்றான் அவள் கணவன் ஆரணன். இக்காஸ்ட் நகரில் தொழிற்சாலை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டா வெளியில வந்திடும்."

"பிரின்சிபல் ஏதும் சொன்னவவோ?"

"திங்கக்கிழமை நிர்வாகக் குழு கூடுதாம். இண்டைக்கு என்ன நடக்குதெண்டு பாத்துத்தான் என்ர விசயம் முடிவெடுப்பினமாம்."

ஆரணன் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

வைலே நகருக்கு வெளியே இருந்த அந்த விளையாட்டுக் கல்லூரியில் சுஜீதா பன்னிரண்டு வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவள். பெண்கள் உதைபந்தாட்ட அணியின் பழைய தலைமைப் பயிற்சியாளருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள் என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது. இன்னமும் வெளியூர் மைதானங்களில் யாராவது அவளைத் தாண்டிப் போய், "உங்கள் பயிற்சியாளர் எங்கே?" என்று அணியின் உடற்சிகிச்சையாளரான பிசியோவிடம் கேட்பார்கள். முதல் வருடம் அணி நான்காமிடத்துக்கு வந்தது. இந்த வருடம் பதினொரு ஆட்டத்தில் மூன்றே வெற்றி. கோல்டிங் நகரில் இன்று நடக்கும் கடைசி ஆட்டத்தில் சமன் செய்தால் முதல் பிரிவில் நிற்கலாம். தோற்றால் இரண்டாம் பிரிவு. அவளுடைய ஒப்பந்தமோ யூன் மாதத்தோடு முடிகிறது.

வியாழக்கிழமைப் பயிற்சியில் அணித் தலைவி ஃபிரேயாவின் தலையில் கோல்காப்பாளரின் முழங்கால் பட்டிருந்தது. பிசியோ கேள்விகள் கேட்டு, நடக்கவிட்டு, கண்ணைப் பார்த்து, பிரச்சினையில்லை என்றார். ஃபிரேயாவும் சிரித்தாள். கோலுக்கு முன்னே நடுவில் நின்று காக்கும் நடுப்பின் ஆட்டக்காரி அவள்தான். அவளில்லாத தற்காப்பை நினைத்துப் பார்க்கவே சுஜீதாவுக்குப் பயம்.

கோல்டிங்கில் காற்று பலமாக வீசியது. உடற்பயிற்சி தொடங்கியபோது ஃபிரேயா ஓடிவந்து, "முதல் பாதியில் காற்றுக்கு எதிராகவா ஆடுகிறோம்?" என்று கேட்டாள். ஓம் என்றாள் சுஜீதா. ஐந்து நிமிடம் கழித்து அதே ஃபிரேயா அதே இடத்தில் வந்து நின்று அதே கேள்வியை, அதே முகத்தோடு கேட்டாள்.

தலையில் அடிபட்டவர்கள் கேட்டதையே திரும்பக் கேட்பார்கள் என்பது சுஜீதாவுக்குத் தெரியும். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். ஒருவரும் பார்க்கவில்லை. பதற்றத்தில் யாரும் ஒன்றை இரண்டு தரம் கேட்பதுதானே என்று மனம் சொன்னது. அப்படி நினைக்கத் தனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

ஃபிரேயாவை உடுப்பு மாற்றும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"தலை வலிக்கிறதா?"

"இல்லை."

"இந்தக் கேள்வியை என்னிடம் முதலே கேட்டாய், ஞாபகமிருக்கிறதா?"

ஃபிரேயா நிலத்தைப் பார்த்தாள். "கேட்டேன். உறுதிப்படுத்தத்தான் திரும்பக் கேட்டேன்."

அது உண்மையா பொய்யா என்று சுஜீதாவால் சொல்ல முடியவில்லை. பிசியோ வந்து மறுபடி சோதித்தார். எல்லாக் கேள்விக்கும் சரியான பதில். "என் பக்கம் தடையில்லை, முடிவு உன்னுடையது," என்றார் அவர். ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. சுஜீதா பட்டியலை எடுத்து ஃபிரேயாவின் பெயரை வெட்டினாள். பேனை இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது.

ஃபிரேயா அழவில்லை. சப்பாத்தைக் கழற்றிச் சுவரில் எறிந்தாள்.

அவளுடைய தகப்பன் நிர்வாகக் குழுவில் இருப்பவர். வேலியைத் தாண்டி நேரே வந்தார். குரலை உயர்த்தாமல்தான் கதைத்தார். "பிசியோ சரியென்கிறார், என் மகள் சரியென்கிறாள். உனக்கு மட்டும் என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது. அதனால்தான் நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்."

அவர் அவளை ஒருகணம் பார்த்துவிட்டு மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

எண்பத்து மூன்றாவது நிமிடம்வரை சமன். பிறகு மூலையிலிருந்து வந்த பந்து ஃபிரேயா வழக்கமாக நிற்கும் இடத்தில், ஆளில்லாத வெளியில் விழுந்தது. எதிரணிக்கு ஒரு கோல், தோல்வி. வைலேக்கு வந்து சேர்கையில் சுஜீதாவின் போனில் ஃபிரேயாவின் தகப்பனின் செய்தி கிடந்தது: ஸ்கேனில் ஒன்றுமில்லை. நன்றி.

அந்த நன்றியை அவள் எத்தனை தரம் வாசித்தாளோ தெரியாது. அதிர்ச்சியில் கலங்கிய மூளை ஸ்கேனில் தெரியவேண்டுமென்றில்லை என்று பயிற்சி வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது.

"நான் பயந்துபோய்ப் பிழை விட்டிட்டனோ?" என்று ஆரணனிடம் கேட்டாள்.

"பயந்ததுதான். பிழையோ எண்டு எனக்குத் தெரியாது, சுஜீ. அந்தப் பிள்ளை விழுந்திருந்தா நீர் எப்பிடி இருந்திருப்பீர் எண்டது மட்டும் எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை குழு கூடி, முடிவை இரண்டு கிழமை தள்ளிவைத்தது. அந்த இரண்டு கிழமையும் போன் அடிக்கும்போதெல்லாம் சுஜீதா துடித்துப்போனாள். தனக்கு வேலையில்லை என்று வைத்துக்கொண்டு வீட்டில் கணக்குப் பார்ப்பாள். பிறகு பயிற்சிக்குப் போய், ஒன்றும் நடவாததுபோல் விசில் ஊதுவாள். பிள்ளைகளில் ஐந்து பேர் அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஃபிரேயா வகுப்புக்கும் வரவில்லை. காரணத்தை யாரும் சுஜீதாவிடம் சொல்லவில்லை.

பத்தாம் நாள் கல்லூரிக் கார் நிறுத்துமிடத்தில் ஃபிரேயாவின் தகப்பனைக் கண்டாள். விடுதியிலிருந்த மகளின் பைகளைக் காரில் அடுக்கிக்கொண்டிருந்தார். முன்சீற்றில் ஃபிரேயா தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுச் சாய்ந்திருந்தாள். சுஜீதா திரும்பிப் போய்விடத்தான் நினைத்தாள். அவரே கூப்பிட்டார்.

"வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். வெளிச்சம் பட்டால் தலை சுற்றிச் சத்தி எடுக்கிறாள். ஒரு பக்கம் வாசிக்க முடியவில்லை." பையின் பட்டியை இழுத்து இறுக்கினார். "அடிபட்ட வியாழக்கிழமையிலிருந்தே தலைவலியாம். எங்கள் எல்லோருக்கும் மறைத்திருக்கிறாள். இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அதை நான் திரும்பச் சொல்ல விரும்பவில்லை."

மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சுஜீதாவும் எதிர்பார்க்கவில்லை. அவள் காரின் மற்றப் பக்கம் போய்க் குனிந்தாள். ஃபிரேயா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"பொய் சொன்னேன்," என்றாள் ஃபிரேயா.

"எனக்குத் தெரியாது. சும்மா பயந்தேன்."

ஃபிரேயா கண்ணை மூடியபடி கையை வெளியே நீட்டினாள். சுஜீதா அதைப் பிடித்துக்கொண்டு, கார் புறப்படும்வரை நின்றாள்.

குழு அவளுக்கு ஒரு வருட ஒப்பந்தம் மட்டும் கொடுத்தது. இரண்டாம் பிரிவு, பாதி அணி, அதற்குமேல் எந்த வாக்குறுதியும் இல்லை. பிரின்சிபல் தாளை நீட்டி, "யோசித்துச் சொல்லலாம்," என்றார். சுஜீதா அங்கேயே கையெழுத்திட்டாள். படியிறங்கி வரும்போதே அடுத்த வருடம் நடுப்பின்னில் யாரை நிறுத்துவது என்ற கவலை தொடங்கிவிட்டது.