சிவப்புப் புள்ளி வைத்த தோட்டாக்கள்

மூஸ் மானின் பின்தொடையை மேசைமேல் திருப்பிப் போட்டு, எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கினாள் மாரிட். இரண்டு மணிக்குத் தேவாலயத்தில் ஆராதனை. இப்போது ஒன்பதரைதான். அதற்குள் இந்தத் தொடையை முடித்துவிடலாம்.

புருஷனை அடக்கம் செய்யும் நாளில் ஒருத்தி கறி வெட்டிக்கொண்டிருந்ததை யாரும் தப்பாக நினைக்கவில்லை. கரடி அடித்து ஹார்லன் செத்த மறுநாளே அக்கம்பக்கத்து ஆண்கள் ஆறு பேர் படகெடுத்துப் போய், அவன் பக்கத்தில் கிடந்த மானை நான்கு கால்களும் விலாவுமாகச் சுமந்து வந்து பின்பக்கக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தார்கள். சுட்ட மிருகத்தைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அலாஸ்காவில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இந்த ஆற்றோரத்தில் யாரும் விட்டுவர மாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு குளிர்காலச் சாப்பாடு அது.

பக்கத்து வீட்டு பெவ், வெட்டிய துண்டுகளை வெள்ளைத் தாளில் சுற்றித் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் டேல் கறி அரைக்கும் இயந்திரத்தைச் சுற்றினான். ஹார்லனின் தம்பி ரூடி மேசைக் கோடியில் நின்று கத்தி தீட்டினான். அரை மணி நேரமாக ஒரே கத்தியைத்தான் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ரிவால்வர நெஞ்சுல மாட்டிக்கிட்டுத் திரியறதெல்லாம் படம் எடுக்கறவனுக்கு அழகு" என்றான் ரூடி, யாரும் கேட்காமலே. "நாலு குண்டு வாங்கிட்டு நாப்பது அடி ஓடியிருக்கு அந்தக் கரடி. ரைஃபிளா இருந்தா நின்ன எடத்துலயே விழுந்திருக்கும்."

"நாலும் உள்ள போயிருக்குல்ல?" என்றான் டேல். "செத்துக் கெடந்தத நானும்தான் பாத்தேன். அந்தத் துப்பாக்கியக் குத்தம் சொல்லாத. போன வருஷம் சால்மன் மீன் அறுத்துக்கிட்டு இருந்தியே, அப்ப உன் ரைஃபிள் எங்க இருந்துச்சு?"

"படகுல."

"கரடி எங்க இருந்துச்சு?"

ரூடி கத்தியைக் கல்லில் வேகமாக இழுத்தான்.

"உனக்கும் படகுக்கும் நடுவுல. மீன அது சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் தண்ணிக்குள்ள இடுப்பளவு நின்னுட்டு வந்து, குளிக்கப் போனேன்னு கத விட்ட."

பெவ்வுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கணவனின் முதுகில் ஓர் அடி வைத்தாள். "எழவு வீட்டுல என்ன பேச்சு இது? வாங்க, மண்டபத்துல மேசை போடணும். பாதிரியார் தனியா நாற்காலி தூக்கிட்டு இருப்பார்."

மாரிட் தலை நிமிரவில்லை. நாப்பது அடி. ஆறு நாளாக அவள் தலைக்குள் அந்த நாற்பது அடிதான் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் பனியில் வழுக்கி அவள் வலது மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெரிய ரிவால்வரைச் சுட்டால் கை பின்னுக்கு எகிறி, தோள்வரை வலித்தது. ஹார்லன்தான் அவளுக்கென்று வெடிமருந்து குறைத்துத் தோட்டா செய்தான். அவளுடைய நகப்பூச்சுக் குப்பியைக் கேட்காமல் எடுத்துப்போய், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான். "அது எனக்குக் கல்யாண நாளுக்குன்னு வாங்குனது" என்று அவள் கத்தியபோது, "கல்யாண நாளைக்கும் இதயே சுடு, நல்லாத்தான் இருக்கும்" என்றான்.

"கரடிக்கு இந்தச் சின்ன வெடி போதுமா?" என்று அவள் கேட்டதற்கு, "உனக்கு அடங்குன துப்பாக்கிதான் உனக்குத் துப்பாக்கி. படாத பெரிய குண்ட விட பட்ட சின்ன குண்டு மேல்" என்றான்.

வீட்டில் ஒரே ஒரு விதி. ரிவால்வரை வெளியே கொண்டுபோன ஆள், கதவோரத்து ஆணியில் திரும்ப மாட்டுவதற்கு முன் ஹார்லனின் கனத்த தோட்டாக்களைப் போட்டுவிட வேண்டும்.

ஹார்லன் சாவதற்கு முதல்நாள் மாரிட் பெர்ரி பறிக்கப் போயிருந்தாள். வாசலில் கால் வைக்கும்போதே ஆங்கரேஜிலிருந்து மகள் சோன்யா தொலைபேசியில். அவள் குழந்தை எழுந்து நின்றுவிட்டதாம். ஒரு கையில் கூடை, ஒரு கையில் தொலைபேசி. ரிவால்வர் செருகிய நெஞ்சுப்பட்டையைக் கழற்றி, தோட்டா மாற்றாமல் அப்படியே ஆணியில் மாட்டினாள். மறுநாள் விடிகாலை ஹார்லன் அதை எடுத்துக் கோட்டின்மேல் மாட்டிக்கொண்டு போனதைக் காபிக் கோப்பையோடு நின்று பார்த்தாள். அவன் தோட்டா உருளையைத் திறந்து பார்க்கவில்லை. அவளுக்கும் ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலம், எல்லாம் முடிந்து போலீஸ்காரர் கிளம்பிய பிறகுதான் தோட்டாப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சிவப்புப் புள்ளி வரிசையில் ஆறு குழிகள் காலியாக இருந்தன.

டேலின் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. ரூடி இன்னும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"போதும் ரூடி. கத்தியே தேஞ்சு போயிடும்."

"சரி அண்ணி."

"ரிவால்வரு மேல ஏன் இவ்வளவு கோவம் உனக்கு?"

அவன் கத்தியை மேசையில் வைத்தான். "ஒரு மூஸுக்கு ஒரு ரைஃபிள் போதும், ரெண்டு எதுக்கு வீண் சுமைன்னு அவன்தான் சொன்னான். மொதக் கறிச் சுமைய நான் தூக்கிட்டு ஆத்துக்குக் கெளம்புனேன். பொதர் வழி, நீ ரைஃபிள எடுத்துக்கன்னான். எடுத்துக்கிட்டேன். படகுக்கிட்ட போனப்ப நாலு வெடி கேட்டுச்சு." கைகளைப் பார்த்துக்கொண்டான். "என் தோள்ல தொங்கிட்டு இருந்துச்சு அண்ணி. அவன்கிட்ட இருக்க வேண்டியது."

மாரிட் கையைத் துணியில் துடைத்தாள். இப்போது சொல்லாவிட்டால், தேவாலயத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லோருடைய ஆறுதலையும் திருடி வாங்க வேண்டும். ஒரு தப்பும் செய்யாத இவன் வாழ்நாள் முழுக்கக் கத்தி தீட்டிக்கொண்டிருப்பான்.

"ரைஃபிள் இல்ல காரணம். உள்ள இருந்தது என் தோட்டா."

ரூடிக்கு முதலில் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: பெர்ரிக் கூடை, தொலைபேசி, ஆணி, காலிக் குழிகள். சொல்லி முடித்தபின் மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் திட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

அவன் திட்டவில்லை. அதுவும் தாங்க முடியவில்லை.

"போலீஸ்காரர் குடுத்த பை எங்க?" என்றான்.

"அலமாரிக்குள்ள. தொறக்கல."

"கொண்டாங்க."

பழுப்புக் காகிதப் பை. ரூடியே அதைப் பிரித்தான். ரிவால்வர் காலியாக இருந்தது. நெஞ்சுப்பட்டையில் ஆறு தோட்டா செருகும் வளையங்கள் உண்டு, அவையும் காலி. சின்ன உறை ஒன்றில் சுட்ட பித்தளைக் கூடுகள் நான்கு, சுடாதவை இரண்டு. ரூடி உறையை வெள்ளைத் தாள்மேல் கவிழ்த்தான். அவை உருண்டு நின்றன. ஒவ்வொன்றாக எடுத்து அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டினான்.

எதிலும் புள்ளி இல்லை.

மாரிட் ஒன்றை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வெறும் பித்தளை.

"பட்டையில இருந்த கனத்த குண்டத்தான் உள்ள போட்டிருக்கான்" என்றான் ரூடி மெதுவாக. "படகுல. மோட்டார் ஓட்டின எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு என்னமோ நோண்டிட்டு இருந்தான். என்னடா பண்றன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, வீட்டுக்காரி வேலன்னு சிரிச்சான்."

"சிரிச்சானா?"

"சிரிச்சான்."

ரூடி வெளியே போய்த் தன் வண்டியிலிருந்து ஹார்லனின் கோட்டை எடுத்து வந்தான். காயத்தைக் கட்டுவதற்காக அவன்தான் அதைக் கழற்றியிருந்தான். கரடி கிழித்த வலது கைப் பக்கத்தை உள்ளே மடித்துச் சுற்றியிருந்தான், அவள் கண்ணில் படக்கூடாதென்று. மாரிட் இடது பையில் கைவிட்டாள். ஒரு கைக்குட்டை. அதற்குள் முடிச்சாக, ஒன்றோடொன்று உரசாதபடி மடித்து மடித்து, ஆறு. ஆறிலும் சிவப்புப் புள்ளி.

இதற்கு முன் எத்தனை தடவை இப்படி மறந்திருக்கிறாளோ! சாயங்காலம் வீடு திரும்பி, சத்தமில்லாமல் குழிகளில் திரும்பச் செருகியிருப்பான். பெட்டி எப்போதும் நிறைந்தே இருந்ததால் தான் மறப்பதே இல்லை என்று அவள் நம்பியிருந்தாள். மற்றவர்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

அவள் அழுதாள். ரூடி சுவரைப் பார்த்து நின்றான். அழுகை அடங்கியபோது அவன் முகத்தைக் கவனித்தாள். அவளிடமிருந்து இறங்கிய பாரம் மொத்தமும் அவன்மேல் ஏறியிருந்தது.

"அப்ப கனத்த குண்டுதான். கனத்த குண்டு போட்டும் ஆகல" என்றான். "அப்ப ரைஃபிள்..."

"ரூடி, இங்க பாரு. மூஸ் தொடைய எப்பிடிக் கட்டுவ?"

"என்ன அண்ணி?"

"முதுகுல மாட்டுற சுமைச் சட்டத்துல வச்சு எப்பிடிக் கட்டுவ? சொல்லு."

"மண்டி போட்டு. ரெண்டு கையாலயும் கயித்த இழுத்து."

"அப்ப ரைஃபிள் எங்க இருக்கும்?"

அவன் இல்லாத கயிற்றை இழுப்பதுபோல் கைகளை மடக்கிப் பார்த்தான். "மரத்துல சாஞ்சு" என்றான் கடைசியில்.

"எத்தன அடி தள்ளி?"

"ஏழெட்டு."

"இருபத்தெட்டு வருஷமா இதத்தான் அவன் சொல்லிட்டு இருந்தான். கரடி வர்றப்ப கையெட்டுற தூரத்துல என்ன இருக்கோ, அதான் ஆயுதம்னு. மரத்துல சாஞ்ச ரைஃபிள நம்பியிருந்தா அந்த நாலு குண்டு கூடச் சுட்டிருக்க மாட்டான். அவன்தான உன்ன எடுத்துட்டுப் போகச் சொன்னான்? அவனுக்குத் தெரியாதா?"

ரூடி நம்பினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கத்தியை எடுத்தான். இம்முறை தீட்டவில்லை, தொடையில் அவள் விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினான். மண்டபத்தில் இன்றைக்கு அறுபது பேருக்குக் குழம்பு வைக்க இந்தக் கறி போதாது. இன்னொரு தொடை கொண்டுவர வேண்டும். கொட்டகை நாற்பது கெஜம் தள்ளி இருந்தது. கறி வாடைக்கு ஒரு தாய்க்கரடி மூன்று நாளாக வேலியோரம் சுற்றுவதாக டேல் சொல்லியிருந்தான்.

"நான் போறேன் அண்ணி."

"உன் கையில கத்தி. என் கையில ஒண்ணுமில்ல."

மாரிட் கைக்குட்டையைப் பிரித்து ஆறு தோட்டாக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உருளையில் போட்டு மூடினாள். நெஞ்சுப்பட்டையைக் கறுப்பு உடையின்மேல் மாட்டினாள். ஹார்லனின் அளவு அது, தொளதொளவென்று தொங்கியது. வாரை இழுத்து, இழுத்து, கடைசித் துளையில் பூட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.